ஒழுங்கை முனையில் ஒரு நாட்டுச் செடித் தோட்டம்: கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கொழும்பைப் பச்சையான நகரம் என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தப் பச்சைக்குச் சொந்த ஊர் எது என்று விசாரித்தால் கதை வேறு. வீதிக்கு மேலே குடைபிடிக்கும் மாரா மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மே மாதத்தில் சிவந்து கிடக்கும் மே மலர் மரத்துக்கு ஊர் மடகஸ்கார். கோயில் வாசலிலும் விகாரையிலும் நிற்கும் அரலியா மத்திய அமெரிக்கா, மதிலில் படரும் போகன்வில்லா தென் அமெரிக்கா. இவற்றை வெட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. வெயில் நேரத்தில் காலி வீதியில் நடந்தவர் யாரும் ஒரு நிழல் மரத்தைக் குறை சொல்ல மாட்டார். விஷயம் என்னவென்றால், இந்நாட்டுப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவற்றின் இலை சாப்பாடு இல்லை. பூச்சி இல்லாத இடத்தில் குஞ்சு பொரித்த குருவிக்கு ஊட்ட ஒன்றும் கிடைக்காது. பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் கொடுக்கிறது.

அதனால் அயலவர்கள் நாலு பேர் சேர்ந்து, சம்பளம் கூலி எதுவும் இல்லாமல், ஒரு துண்டு நிலத்தில் நாட்டுச் செடிகளை நட்டு வளர்த்தால் அதற்குப் பலன் உண்டு. தொடர்மாடியின் பின்பக்கம், கோயில் வளவின் ஒரு மூலை, பள்ளிக்கூட மதிலோரம், வாய்க்கால் கரை என்று எதுவானாலும் சரி. இரண்டு பேர்ச்சஸ் கிடைத்தால் தாராளம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை கொட்டும் இந்த ஊரில் செடி காய்ந்து தோட்டம் அழிவது குறைவு. நுளம்பு வருகிறது, பாம்பு வருகிறது, குப்பைக் காடாகக் கிடக்கிறது என்று அயலவர் கொடுக்கும் புகாரில்தான் பெரும்பாலும் அழிகிறது. கீழே வரும் படிகளில் பாதி செடியைப் பற்றியவை, மீதிப் பாதி அந்த அயலவரைப் பற்றியவை.

முதலில் இன்னொருவர் தோட்டத்தில் கை அழுக்காகட்டும்

எடுத்த எடுப்பிலேயே சொந்தமாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நடக்கும் ஒரு குழுவோடு ஒரு மழைக்காலமாவது வேலை செய்யுங்கள். களை எது, கன்று எது என்று கண்ணுக்குப் பழக அவ்வளவு காலம் எடுக்கும். குழு எதுவும் தெரியாது என்பவர்கள் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் 1972 முதல் இயங்கும் இளம் விலங்கியலாளர் சங்கத்தையோ, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976 முதல் இயங்கும் பறவையியல் களக் குழுவையோ விசாரிக்கலாம். தோட்டம் இல்லாவிட்டாலும் தோட்டம் போடுகிறவர்களை அங்கே சந்திப்பீர்கள்.

கூடவே, ஒரு காலை நேரம் ஒதுக்கி பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தலவத்துகொடை தியசரு பூங்காவுக்கோ போய் வாருங்கள். 2018 அக்டோபரில் டுபாயில் நடந்த, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது இத்தகைய சதுப்பு நிலங்களால்தான். பாராளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் மீன்பிடிப் பூனை நடமாடுகிறது என்றால் வெள்ளவத்தையில் பலர் நம்ப மாட்டார்கள். மரநடைபாதையில் மெதுவாக நடந்து, எந்தச் செடியில் எது உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் ஒழுங்கைக்கு எதைக் கொண்டுவரலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

சிரமதானத்துக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை, இறப்பர் பூட்ஸ், கையுறை, தண்ணீர்ப் போத்தல். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்பது நல்லது, அதன்பின் வெயில் விடாது. கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருந்தால் சேற்று வேலையை விட்டுவிட்டுக் கன்றுகளுக்குப் பெயர் எழுதுங்கள், அல்லது பிளேன்டீ ஊற்றுங்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். வேலை செய்து சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ காய்ச்சல் வந்தால், சேற்றில் வேலை செய்ததை டொக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் முதலில் டெங்குதான் ஞாபகம் வரும்.

இடமும் கடிதமும்

சும்மா கிடக்கிற காணி என்று ஒன்று கொழும்பில் கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொந்தக்காரர் அல்லது ஒரு திணைக்களம் இருக்கிறது. வாய்க்கால் கரை என்றால் பெரும்பாலும் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். வீதியோரமும் பூங்காவும் மாநகர சபை. தண்டவாளத்தோரம் புகையிரதத் திணைக்களம், அந்த இடத்தைக் கேட்காமலிருப்பதே நல்லது, ஆபத்தும் உண்டு. யாருடையது என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் போங்கள். அவருக்குத் தெரியும், அல்லது யாருக்குத் தெரியும் என்பது தெரியும்.

என் அபிப்பிராயத்தில் புதியவர்களுக்குத் தோதான இடம் தொடர்மாடி வளவோ கோயில் வளவோதான். ஒரே ஒரு முகாமைத்துவக் குழுவோடு அல்லது பரிபாலன சபையோடு பேசினால் போதும், குழாய்த் தண்ணீர் இருக்கிறது, இரவில் கேற் பூட்டப்படுகிறது. கோயிலில் கேட்பதாக இருந்தால் வில்வம், கொன்றை, தும்பை என்று தொடங்குங்கள். தலைவர் மறுத்துப் பேச மாட்டார்.

வாய்மொழியாக “சரி, செய்யுங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டார்கள் என்பதை நம்பி மண்வெட்டியைத் தூக்காதீர்கள். அடுத்த வருடம் சபை மாறும், புதிதாக வந்தவர் அங்கே வாகனத் தரிப்பிடம் போடுவார். ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த இடம், எவ்வளவு அகலம், எத்தனை வருடம், தண்ணீர் யாருடையது, யார் பொறுப்பு. கீழே இரண்டு கையெழுத்து, மூன்று பிரதி. இடத்தில் பலா மரமோ ஈரப்பலா மரமோ நின்றால் அதை வெட்டும் யோசனையை அப்போதே விடுங்கள். இரண்டையும் வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நிற்கட்டும், அணிலுக்கும் ஆகும், உங்களுக்கும் ஆகும்.

கிண்டிப் பாருங்கள்

கொழும்பு மண்ணை மேலே பார்த்து நம்பக்கூடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலோரம் மணல். உள்ளே போகப் போகக் கபுக்கல். தாழ்வான இடங்களில் பல, சதுப்பை நிரப்பி மேடாக்கியவை, அரை அடிக்குக் கீழே செங்கல்லும் சீமெந்துக் கட்டியும் பொலித்தீனும்தான். அலவாங்கால் நாலைந்து இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிண்டிப் பாருங்கள். கிடங்கில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் தேங்கி நிற்கிறதா என்று கவனியுங்கள். தேங்கினால் அங்கே ஈரம் தாங்கும் செடிகளை மட்டும் வைக்கலாம், அல்லது மண்ணை மேடாக்க வேண்டும்.

கட்டட இடிபாட்டை முழுவதும் அள்ளி வெளியேற்ற நினைத்தால் இடுப்பு முறியும், லொறிச் செலவும் கட்டுப்படியாகாது. கன்று வைக்கும் கிடங்குகளை மட்டும் பெரிதாக வெட்டி நல்ல மண் நிரப்புங்கள். எடுத்த கல்லை ஒரு மூலையில் குவியுங்கள். அரணை வந்து குடியேறும்.

வெயில் எங்கே விழுகிறது என்பதையும் காலை, நடுப்பகல், பின்னேரம் என்று மூன்று நேரமும் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு வெயில் வேண்டும். பக்கத்து மாடிக் கட்டடம் பாதி நாளை மறைத்துவிடுகிறதென்றால் அந்தப் பக்கம் நிழல் தாங்கும் செடிகளுக்கு.

எதைப் பிடுங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் துடைத்து எடுக்காதீர்கள். வெறும் மண்ணாக விட்டால் முதல் மழையிலேயே பாதி வாய்க்காலுக்குப் போய்விடும், மீதியில் முன்பு இருந்ததைவிட மோசமான களை வரும். ஒரு மூலையைச் சுத்தமாக்கி, அங்கே நட்டு, அது பிடித்த பிறகு அடுத்த மூலை. அகலக்கால் வைக்க வேண்டாம்.

முதலில் போக வேண்டியவை தரையில் பாய்போல் படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் வெடெலியா, கினிப்புல், இபில் இபில், வேலியில் சுற்றி ஏறும் மிக்கானியாக் கொடி. வெடெலியாவைப் பிடுங்கி அப்படியே போட்டால் ஒவ்வொரு கணுவும் வேர்விடும், கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் ஒரு மாதம் வையுங்கள். வாய்க்கால் கரையில் நீங்கள் சந்திக்கப்போவது குளத்து அன்னமுன்னா. பளபளக்கும் இலையும் சீதாப்பழச் சாயலில் வழுவழுப்பான காயுமாக நிற்கும். வெளியிலிருந்து வந்து கொழும்புச் சதுப்பு நிலங்களை மூடிக்கொண்டிருக்கும் மரம் அது. ஆகாயத்தாமரையைச் சொல்லவே வேண்டாம், அதை ஒழிக்க இந்நாட்டில் 1909இலேயே சட்டம் போட்டார்கள். இன்னும் இருக்கிறது.

ஜாம் பழ மரம் நின்றால் என்ன செய்வது என்று எல்லாப் புதியவர்களும் கேட்பார்கள். அதுவும் வெளியூர் மரம்தான். ஆனால் கொண்டைக்குருவிகளும் குக்குறுவான்களும் வௌவால்களும் அதை நம்பி இருக்கின்றன. உங்கள் நாட்டு மரங்கள் காய்க்கத் தொடங்கும்வரை அதை விட்டுவையுங்கள் என்பது என் கட்சி. சுத்தவாதிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

களைகொல்லி அடிக்கவே கூடாது. கை, கத்தி, பொறுமை.

என்ன நடுவது

இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று பூச்செடியாக வாங்கி அடுக்குவார்கள். பூ, வந்த விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பது மாதிரி, குடித்துவிட்டுப் போய்விடும். தங்கி முட்டையிட வேண்டுமென்றால் புழு தின்னும் இலை வேண்டும். அநேகமான வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தங்களுக்கென்று உள்ள சில செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாது.

ஒரு கறிவேப்பிலைக் கன்றிலிருந்து தொடங்குங்கள். அதன் இளந்தளிரில் மிளகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். கொமன் மோர்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் முட்டை. சில நாளில் வெளியே வரும் புழு, காக்கை எச்சம் விழுந்தாற்போல் பழுப்பும் வெள்ளையுமாக இலையின் நடுவில் துணிச்சலாக உட்கார்ந்திருக்கும். குருவி அதை எச்சம் என்று நினைத்து விட்டுப் போகும். நாலு தடவை தோலுரித்த பின் ஆளே மாறி, இலைப்பச்சையாக, பக்கவாட்டில் சாய்ந்த கோடுகளோடு சுண்டுவிரல் பருமனில் இருக்கும். அப்போது மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்று பிதுங்கும், புளித்த நாற்றம் அடிக்கும். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு அவர்களே உங்களை எழுப்புவார்கள். தேசி மரம் இருந்தால் அதிலும் இவற்றின் உறவுக்காரர்கள் வருவார்கள். பிளாட் மாமிமார் “எங்கட கறிவேப்பிலையைப் புழு தின்னுது” என்று முறையிட்டால், சமையலுக்கு வேறாக இரண்டு கன்று வைத்துக் கொடுங்கள்.

அடுத்தது ஈசுவரமூலிக் கொடி, நாற்றுமேடைக்காரரிடம் சப்சந்த என்று கேட்க வேண்டும். கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாகப் பறக்கும் கிரிம்சன் ரோஸ் இதில்தான் முட்டையிடும். இலங்கைக்கு மட்டுமே உரிய, நம் தேசிய வண்ணத்துப்பூச்சியான பெரிய பேர்ட்விங்கும் இதைத் தேடி வரும். பத்தரமுல்லை, தலங்கமப் பக்கம் உங்கள் தோட்டம் இருந்தால் நம்பிக்கையோடு காத்திருக்கலாம், கொட்டாஞ்சேனையில் என்றால் அதிர்ஷ்டம் வேண்டும். ஒரு கொடியை மட்டும் வைத்தால் நாலைந்து புழுக்களே அதைத் தண்டுவரை மொட்டையாக்கிப் பட்டினி கிடக்கும். ஐந்தாறு கொடியாவது வேண்டும், ஏறுவதற்கு வலையோ கம்பியோ கட்ட வேண்டும். இந்தக் கொடியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. பெயரில் மூலி இருப்பதைப் பார்த்துக் கஷாயம் வைக்கப் பறிப்பவர்கள் வருவார்கள், “மருந்துக்கு அல்ல” என்று பலகை வையுங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த, பெரிய பூப் பூக்கும் வெளிநாட்டு அலங்காரக் கொடிகளை வாங்காதீர்கள். தாய் அதில் ஏமாந்து முட்டையிடலாம், புழு பிழைக்காமல் போகலாம்.

எருக்கலை இருந்தால் பிளெயின் டைகர் என்ற வண்ணத்துப்பூச்சி வரும், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் பக்கம் வேண்டாம். கொன்றை மரத்துக்கு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். மாவிலங்குக்கு, சிங்களத்தில் லுணுவரண, சிறகு நுனியில் செம்மஞ்சள் தீட்டிய கிரேட் ஒரேஞ்ச் டிப். வெள்ளிலைக்குக் கொமாண்டர். இந்த வெள்ளிலையை முஸ்ஸெந்த என்று கேட்டால் நாற்றுமேடையில் ரோஸ் நிறக் கலப்பினத்தைத் தூக்கித் தருவார்கள். பூ சிறிதாகச் செம்மஞ்சளாகவும் அதன் அருகே ஒற்றை வெள்ளை இலையும் உள்ள காட்டு வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தேனுக்கு வெட்சி, பாவட்டை, சிங்களத்தில் புருல்ல எனப்படும் செடி, தும்பை, துளசி. சிவப்பு வெட்சியில் பழைய உயரமான வகையே நல்லது, மதிலோரம் கத்தரிப்பதற்காக விற்கும் குட்டை வகையில் வண்ணத்துப்பூச்சி அவ்வளவாக நிற்பதில்லை. தும்பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, விதை தூவினால் வரும். ஒரு மூலையில் புல்லை விதை கட்டவிட்டால் தினைக்குருவிகள் வரும்.

இடம் பெரிதாக இருந்தால்தான் மரம். கடற்காற்று அடிக்கும் பக்கம் புன்னை, பூவரசு. வாய்க்கால் கரையில் மருது, மண்ணைப் பிடித்து நிறுத்த அதைவிட்டால் ஆளில்லை. சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நடுங்கள், மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். அரசும் ஆலும் பறவைகளுக்கு அமுதசுரபி, ஆனால் மதில் வெடித்தால் அயலவர் உங்களைத்தான் தேடுவார். தேசிய மரமான நாமரம் ஆசையைக் கிளப்பும். நடலாம், ஆனால் மிக மெதுவாக வளரும், பூவைப் பார்க்கப் போவது அடுத்த தலைமுறை.

கன்று வாங்க பத்தரமுல்லையிலிருந்து பன்னிப்பிட்டிய நோக்கிப் போகும் வீதியில் வரிசையாக நாற்றுமேடைகள் இருக்கின்றன. அலங்காரச் செடிதான் அதிகம், ஆனால் முதலாளியிடம் சிங்களப் பெயரை எழுதிக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் எடுத்துத் தருபவர்கள் உண்டு. ஓட்டோவில் ஏற்றக்கூடிய அளவுக்கு முழங்கால் உயரக் கன்றே நல்லது. ஆளுயரக் கன்று பார்வைக்குக் கம்பீரம், வேர் பையில் சுருண்டு கிடக்கும். காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் குற்றம், இல்லாவிட்டாலும் அநியாயம்.

நடும் நாள்

தென்மேல் பருவமழை பிடித்த பிறகு மே கடைசியிலோ ஜூனிலோ நடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது அக்டோபர். பின்னேர மழை ஒழுங்காக வரும், ஜனவரி வெயிலுக்கு முன் வேர் இறங்க நேரம் கிடைக்கும். சுற்றாடல் தினம் என்பதற்காகப் படம் எடுக்க மட்டும் கன்று நடும் கூட்டங்களோடு சேராதீர்கள். நட்டவர்கள் மறுவாரம் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

பற்றைச் செடிக்கு ஓரடி, மரத்துக்கு இரண்டடிச் சதுரக் கிடங்கு, ஆழமும் அவ்வளவே. எடுத்த மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம். கொஞ்சம் தும்புத்தூளும் சேர்க்கலாம், மணல் நிலம் என்றால் கட்டாயம் சேருங்கள். பையைக் கத்தியால் கீறி எடுங்கள், இழுக்காதீர்கள். கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நில மட்டம் வர வேண்டும், கழுத்துவரை புதைத்தால் தண்டு அழுகும். சுற்றிக் காலால் மெதுவாக அமுக்கி, ஒரு தடி ஊன்றித் தளர்வாகக் கட்டி, ஒரு வாளித் தண்ணீர். மேலே காய்ந்த இலையை நாலு விரற்கடை தடிப்பில் பரப்புங்கள், தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் இடம் விட்டு. வெறும் நிலத்தில் தனித்தனியாக நடுவதைவிட, ஒரே வகையில் மூன்று நான்கைச் சேர்த்து நடுவது நல்லது. பூச்சி கண்டுபிடிப்பதும் சுலபம், களை முளைப்பதும் குறைவு.

நுளம்பு

இந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டாதீர்கள். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். கொழும்பில் அந்த வருடத்தை மறந்தவர் இல்லை. செடி கொடி என்றாலே மாமி ஒருவர் ஜன்னலைச் சாத்துகிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி, தோட்டத்தில் குடம்பி, அதாவது நுளம்பின் புழு, கண்டுபிடிக்கப்பட்டால் இடத்துக்குப் பொறுப்பானவர் நீதிமன்றம் போக நேரிடும்.

டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை, அதே கிழமையில், ஒருவர் தோட்டத்தை முழுவதும் சுற்றிப் பார்க்க வேண்டும். சிரட்டை, தயிர்ச் சட்டி, சோடா மூடி, மடிந்து கிடக்கும் பொலித்தீன், மூங்கில் வேலியின் வெட்டிய நுனி. மூங்கிலை மறந்துவிடுவார்கள், மணல் போட்டு அடையுங்கள். இலைச் சருகு தட்டையாகக் கிடந்தால் தண்ணீர் தேங்காது. ஆனால் ஈரப்பலா, கொட்டான் போன்ற பெரிய இலைகள் காய்ந்து கிண்ணமாக வளையும், அவற்றை நொறுக்கிவிட்டுப் போடுங்கள். அன்னாசி இனத்து அலங்காரச் செடிகள் இலை இடுக்கில் தண்ணீரைத் தேக்கும், யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குருவிக்குத் தண்ணீர் வைக்கலாமா? வைக்கலாம். ஆழமில்லாத மண்தட்டு, காலையில் ஊற்றிப் பின்னேரம் கவிழ்க்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பின்னேரம் கவிழ்க்க ஆளில்லை என்றால் தட்டே வேண்டாம்.

குளம் வெட்டும் ஆசையை முதல் இரண்டு வருடம் அடக்குங்கள். பிறகு வெட்டினால் கப்பி மீன் விட வேண்டாம், அது வெளிநாட்டு மீன், தவளைக் குஞ்சையும் தின்றுவிடும். தலையில் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்திலேயே மிதந்து திரியும் உள்ளூர்ச் சிறுமீன் உண்டு, குடம்பியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்வரை காத்திராமல் நீங்களே அவரை அழைத்து ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். வாராந்தப் பரிசோதனை எழுதிய கொப்பியை நீட்டுங்கள். அயலில் டெங்கு வந்து புகை அடிக்கிறார்கள் என்றால் எதிர்த்து நிற்காதீர்கள். வண்ணத்துப்பூச்சிகள் சாகும், வருத்தம்தான். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் நின்று அந்த வாதத்தை வெல்ல முடியாது.

பாம்பு, எலி, பூனை

பாம்புப் பயத்துக்கு ஒரே வழி பாதை. தோட்டத்தின் குறுக்கே மூன்றடி அகலத்தில் வெட்டவெளிப் பாதை, இரு ஓரமும் கல் வரிசை, பாதையில் செடி சாயாமல் கத்தரிப்பு. உள்ளே அது தன்போக்கில் வளரட்டும், ஓரம் மட்டும் எப்போதும் திருத்தமாக இருக்க வேண்டும். திருத்தமான ஓரத்தைப் பார்த்தால் “யாரோ கவனிக்கிறார்கள்” என்று வழிப்போக்கருக்கு விளங்கும், குப்பைப் பையை வீசவும் கை வராது. சருகுக் குவியலைப் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள், அதற்குள் வெறுங்கையை விடாதீர்கள். புலுனிக் கூட்டம் ஒன்று வந்து சருகைக் கிளறிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் உங்கள் மண் உயிரோடு இருக்கிறது.

உரக் குழிக்குச் சமைத்த சோறு, மீன் முள், இறைச்சி எதுவும் போகக்கூடாது. அதற்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பச்சை மரக்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு என்று போட்டால் நாற்றமும் இருக்காது. தெருப்பூனைக்குச் சாப்பாடு வைக்கும் அன்ரி ஒருவர் எல்லா ஒழுங்கையிலும் இருப்பார். அவரோடு சண்டை பிடிக்காமல், கிண்ணத்தைத் தோட்டத்திலிருந்து தூரமாக வைக்கக் கேளுங்கள்.

ஆட்கள்

கன்று நட நாற்பது பேர் வருவார்கள். மூன்றாவது மாதம் களை பிடுங்க நாலு பேர். அந்த நாலு பேரை வைத்துத்தான் தோட்டத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஞாயிறு காலை நல்லது, ஆனால் தேவாலயப் பூசை, அறநெறி, பௌத்தப் பிள்ளைகளின் தஹம் பாசல் எல்லாம் அப்போதுதான். பிள்ளைகள் ஒன்பதரைக்குப் பிறகு வரட்டும். போயா நாள் எல்லோருக்கும் லீவு என்று நினைப்பீர்கள், சிங்கள அயலவர் பலர் அன்று விகாரைக்குப் போவார்கள். இப்படியே பார்த்தால் எல்லோருக்கும் தோதான நேரம் என்று ஒன்று இல்லை, ஒன்றை முடிவு செய்து மாற்றாமலிருங்கள்.

வட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும் போகட்டும். எழுத வராவிட்டால் குரல் பதிவு போதும். பெயர்ப் பலகையும் மூன்று மொழியிலும். “பூச்சிமருந்து அடிப்பதில்லை. இலையில் ஓட்டை தெரிந்தால் வண்ணத்துப்பூச்சிப் புழு சாப்பிட்டிருக்கிறது” என்று ஒரு பலகையைக் கேற்றடியில் வைத்தாலே பாதிப் புகார் குறையும். காசைப் பொறுத்தவரை ஒருவர் கையில் பெட்டி, இன்னொருவர் கையில் கணக்குக் கொப்பி. அவ்வளவுதான், அதற்கு மேல் தலைவர் செயலாளர் என்று போனால் தோட்ட வேலை கூட்ட வேலையாகிவிடும்.

வந்த உயிரினங்களை எழுதி வையுங்கள். போனில் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் போட்டால் பெயர் தெரிந்தவர்கள் சொல்லித் தருவார்கள், பறவைக்கு ஈபேர்ட் இருக்கிறது. அடுத்த தடவை முகாமைத்துவக் குழு வாகனத் தரிப்பிடப் பேச்சை எடுக்கும்போது, அந்தப் பட்டியலை அச்சிட்டு மேசையில் வைக்கலாம்.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரைதான் கொழும்பில் செடிக்குச் சோதனைக் காலம். முதல் வருடக் கன்றுகளுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி, காலையில். தெளித்துவிட்டுப் போவதில் பயனில்லை, வேர்வரை இறங்க வேண்டும். யார் எந்தக் கிழமை என்ற பட்டியலைப் பொங்கலுக்கு முன்பே எழுதிக் கேற்றில் ஒட்டிவிடுங்கள். லீவுக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போகிறவர்கள் தங்கள் முறையை யாரிடம் கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும்.